பதினேழாங்கட்டை வளைவு

மலாயாவின் அந்த ரப்பர் தோட்டத்தில் அருளம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்களுக்கு அவள் நர்ஸம்மா. ஆப்பீஸில் கணக்கெழுதும் கிராணிகளுக்கு ஆஸ்பத்திரிப் பொண்ணு. உண்மையில் அவள் நர்ஸ் பரீட்சை எதுவும் எழுதியவள் இல்லை. புண்ணைக் கழுவிக் கட்டுவாள், காய்ச்சல் மாத்திரை கொடுப்பாள், வாரம் ஒருமுறை வரும் டாக்டர் சொல்வதை நோட்டில் எழுதி வைப்பாள். அவளுடைய அப்பா சவரியப்பன் அதே ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்துப் போனபோது மருந்துப் பெட்டியோடு அவரையும் லாரியில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். சண்டை ஓய்ந்து தோட்டத்து வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்ததும், பழைய டிரஸ்ஸரின் மகளாயிற்றே என்று இவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்.

மலாக்காவிலிருந்து வந்தால் அலோர் காஜாவைத் தாண்டி, பதினேழாங்கட்டை மைல்கல்லில் பெரிய சாலையை விட்டுப் பிரியும் செம்மண் பாதையில் ஒரு மைல் உள்ளே போனால் தோட்டம். ஐம்பத்தொன்றாம் வருஷம், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். மாலை ஆறு மணிக்கு வாசலை அடைத்தால் காலையில்தான் திறக்கும். துப்பாக்கியோடு காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதாம். ஆஸ்பத்திரியும் அதை ஒட்டிய அவளுடைய ஒற்றை அறையும் வேலியோரத்துக்கு வந்து சேர்ந்தன. எண்பது குடும்பங்களின் பேச்சும் சண்டையும் அவள் காதில் விழும். ஆனால் அவள் படியேறி வந்து சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. லயத்தில் உள்ளவர்களுக்கு இங்கிலீஷ் படித்த பெண்ணிடம் கூச்சம். கிராணி வீட்டு அம்மாக்களுக்கோ, கல்யாண வயது தாண்டியும் தனியாக இருந்துகொண்டு கண்டவர் புண்ணையும் தொடுகிறவளிடம் ஒட்டுதல் இல்லை. காட்டுக்காரர்கள் பஸ்களைக் கொளுத்தத் தொடங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்கு மலாக்காவுக்குப் போவதும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று தேய்ந்துபோயிற்று.

மருந்துப் பொடி மடிக்க ஆப்பீஸிலிருந்து பழைய இங்கிலீஷ் பேப்பர் வரும். ஒருநாள் அதில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நிலம் அளக்கும் இலாகா ஒன்றில் கணக்குப் போட ஆட்கள் தேவை, பெண்களும் மனுப் போடலாம், சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளி இறுதிப் பரீட்சையில் உயர்கணக்கு தேறியிருக்க வேண்டும் என்றிருந்தது. அருளம்மாள் அந்தத் துண்டில் மட்டும் பொடி மடிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டாள். நாற்பத்தொன்றில் அவள் கான்வென்டில் கடைசி வகுப்பு. பரீட்சைக்கு உட்காரவேண்டிய அதே டிசம்பரில்தான் குண்டு விழ ஆரம்பித்தது. பையன்கள் பள்ளிக்கூடத்தில் திரிகோணமிதி படிக்கிற மணியில் அந்தக் கான்வென்டில் பெண்களுக்குத் தையல்தான். ஆனாலும், இத்தனை பங்கு மருந்துக்கு இத்தனை பங்கு தண்ணீர் என்று கலக்கும் அந்தச் சின்னக் கணக்கைத் தவிர அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிடித்த வேலை என்று ஒன்றுமில்லை.

லண்டனில் ஒரு தபால் கல்லூரிக்கு எழுதிப்போட்டாள். இரண்டு மாதத்தில் கப்பல் தபாலில் ஒரு கட்டு வந்தது. பாடத்தைப் படித்து, கணக்கைப் போட்டு, தாளை அனுப்பவேண்டும். அங்கே ஒருவர் திருத்தி அனுப்புவார். சிவப்பு மையில், ஓரத்தில், பொடிப்பொடியான எழுத்து. கீழே ஈ.எம்.டபிள்யூ. என்று மூன்று எழுத்துக் கையொப்பம். ஆணா பெண்ணா, கிழமா இளசா, ஒன்றும் தெரியாது. அவள் ஒரு சந்தேகம் கேட்டால் பதில் வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் அந்தச் சந்தேகம் தானே தீர்ந்து வேறொன்று முளைத்திருக்கும். இருந்தாலும், ‘இந்த இடத்தில் நன்றாக யோசித்திருக்கிறீர்கள்’ என்று சிவப்பு மையில் ஒரு வரி வந்தால், அதை அவள் பத்துத் தடவை படிப்பாள். அந்த மாதம் அவளிடம் யாராவது சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பதினோராம் பாடம் ரேடியன். அங்கே வந்து மாட்டிக்கொண்டாள். வட்டத்தின் ஆரம் எவ்வளவு நீளமோ அதே நீளத்துக்கு விளிம்பில் ஒரு வில்லை எடுத்தால், அந்த வில் நடுவில் தாங்கும் கோணம் ஒரு ரேடியன் என்று புத்தகம் சொன்னது. வாக்கியம் புரிந்தது, விஷயம் புரியவில்லை. வட்டத்துக்கு முந்நூற்றறுபது பாகை என்று அழகாக இருக்கும்போது, ஐம்பத்தேழும் சொச்சமும் என்று இப்படி ஒரு கோணல்மாணலான அளவு எதற்கு?

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில் ஆளில்லாத நேரம். புண் கழுவும் பீங்கான் வட்டில் ஒன்றைக் கவிழ்த்தாள். நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் கட்டுத்துணியில் ஒரு கீற்றை அளந்து வெட்டினாள். அதே கீற்றை விளிம்பின்மேல் வளைத்து ஒட்டவைத்து, முனையில் பென்சிலால் கோடு போட்டாள். மறுபடி. மறுபடி. ஆறு முறை வைத்தும் வட்டம் மூடவில்லை. ஒரு விரற்கடைக்குமேல் மிச்சம் கிடந்தது. இன்னொரு வட்டில், சின்னது. அதற்கொரு கீற்று. அதிலும் ஆறு முறை, அதிலும் மிச்சம். அவள் பஞ்சு டப்பாவின் மூடியிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். முந்நூற்றறுபது என்பது எந்தக் காலத்திலோ எவனோ போட்ட பங்கு. நானூறு என்று போட்டிருந்தாலும் போட்டிருக்கலாம். இதை யாரும் போடவில்லை. வட்டம் தன்னிடம் இருக்கும் ஆரத்தாலேயே தன்னை அளந்துகொள்கிறது, வெளியிலிருந்து ஒன்றும் வாங்குவதில்லை. இதை உடனே யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வெளியே எட்டிப் பார்த்தாள். வெயிலில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன.

அதையெல்லாம் தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பினாள். மூன்று மாதம் கழித்துச் சிவப்பு மையில் பதில் வந்தது. ‘இதைக் கண்டுபிடிக்கப் பலருக்கு வருஷக்கணக்கில் ஆகிறது. இனி வட்டிலை விட்டு வெளியே வாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் சாலையில் ஏதாவது வளைவு இருக்குமே? அதன் ஆரத்தையும் கோணத்தையும் கண்டுபிடித்து, வில்லின் நீளத்தைக் கணக்கிட்டு, பிறகு நடந்து சரிபாருங்கள்.’

வளைவு இருந்தது. பாதை பெரிய சாலையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, மேட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பும். ஐம்பத்துமூன்று பிப்ரவரியில் ஒருநாள் பகலில், பஸ்ஸுக்குப் போகிற சாக்கில் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பினாள். வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு ரப்பர் மரம், முடியும் இடத்தில் ஒரு மரம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு காலடிக்கு ஒரு கெஜமாக எண்ணிக்கொண்டே ரப்பர் காட்டுக்குள்ளேயே நேராக நடந்தாள், தொண்ணூற்றாறு கெஜம். அந்த நேர்கோட்டின் பாதியில் நின்று சாலையைப் பார்த்துத் திரும்பி நடந்தாள், பன்னிரண்டு கெஜம். அறைக்கு வந்து கணக்குப் போட்டாள். ஆரம் நூற்றிரண்டு. கோணம் ஒரு ரேடியனுக்கு மயிரிழை குறைவு. இரண்டையும் பெருக்கினால் வில் நூறு கெஜம். மறுநாள் சாலையிலேயே வளைவைப் பிடித்து நடந்து பார்த்தாள். நூற்றொன்று வந்தது. நடுச்சாலையில் நின்று தனியாகச் சிரித்தாள்.

அவள் எண்ணிக்கொண்டே நடந்ததைப் மரங்களில் ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்த லயத்து முத்தாயி பார்த்திருக்கிறாள்.

மூன்று வாரம் கழித்து, அதே வளைவில், தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத் துரையின் காரைக் காட்டுக்காரர்கள் சுட்டார்கள். துரை தோளில் காயத்தோடு தப்பினார். காரை ஓட்டிய வடிவேலு அங்கேயே செத்துப்போனான். முத்தாயிக்கு அவன் கூடப்பிறந்த தம்பி.

அதற்கு அடுத்த வாரம்தான் அருளம்மாள், வளைவுக்காக ஒரு மாதம் தவணை தாண்டி வைத்திருந்த பதினான்காம் தாளை அஞ்சலில் சேர்க்கப் புறப்பட்டாள். ஆப்பீஸ் வழியாக அனுப்பினால் பெரிய கிராணி ராமையா பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார். அவருடைய வேலை அது. ஆனாலும் அவர் அந்தத் தாளைப் புரட்டும்போது உதட்டோரம் வரும் சிரிப்பு அவளுக்குப் பிடிக்காது. அதனால் தானே அலோர் காஜாவுக்குப் போகலாமென்று, மழைக்கு நனையாமல் தாளை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். வாசலில் பெண்களைத் தடவி அரிசி தேடும் பொம்பளை அதை உருவி எடுத்தாள். விரித்தால் ஒரு வளைந்த சாலை, இரண்டு மரம், நடுவில் ஒரு புள்ளி, கெஜக் கணக்கு, யாருக்கும் தெரியாத எழுத்து. பக்கத்தில் நின்ற ஸ்பெசல் கான்ஸ்டபிள் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு விசில் ஊதினான்.

மலாக்காப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். அவளை விசாரித்தவர் கணேசமூர்த்தி என்கிற துப்பறியும் இன்ஸ்பெக்டர், நம் தமிழ் ஆள். மேசைமேல் தாளை விரித்து வைத்துக்கொண்டார்.

“இது என்னம்மா?”

“கணக்கு சார். லண்டனுக்கு அனுப்புற பாடம்.”

“கணக்குன்னா ஒண்ணு, ரெண்டு இருக்கும். இது யாரு?” என்று ஒரு எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

“அது தீட்டா. கோணத்துக்கு வைக்கிற பேரு.”

“ஏ-யும் பி-யும்?”

“ரெண்டு ரப்பர் மரம்.”

“ஓ-ன்னு போட்டிருக்கே, அங்க யாரு உக்காந்திருக்கா?”

“யாருமில்ல சார். அது வட்டத்தோட நடு. அங்க ஒண்ணுமே கிடையாது. சும்மா ரப்பர் காடு.”

“அதான்மா நானும் கேக்குறேன்.” அவர் குரல் ஏறவில்லை. “சும்மா காட்டுக்குள்ள இருந்து ரோட்டுக்கு எத்தனை கெஜம்னு அளந்து வச்சிருக்கீங்க. டிரைவரைச் சுட்டவன் எங்க நின்னு சுட்டான் தெரியுமா? இந்த வளைவுக்கு உள்பக்கம். நீங்க நடந்த கோட்டு மேலதான்.”

அருளம்மாளுக்கு அதுவரைக்கும் அது தெரியாது. வடிவேலுவின் உடம்பைக் கொண்டுவந்தபோது சட்டையைக் கத்தரித்துக் கழற்றியவள் அவள்தான். அதை இவரிடம் சொல்வதா வேண்டாமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. “ஒரு துண்டு நாடா குடுங்க சார், காட்டுறேன்” என்றாள்.

கோப்புக் கட்டும் சிவப்பு நாடாவும் ஒரு சிகரெட் டின் மூடியும் வந்தன. அவள் நாடாவை நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் அளந்து, வெட்டி, அவரிடமே கொடுத்தாள். “நீங்களே விளிம்புமேல வளைச்சு வச்சுப் பாருங்க. எத்தனை தடவை போவுதுன்னு எண்ணுங்க.” அவர் எண்ணினார். கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள்.

“ஆறு. கொஞ்சம் மிச்சம் நிக்குது.”

“எந்த மூடில வச்சாலும் அதே ஆறும் கொஞ்சமுந்தான். ஒரு தடவை வைக்கிறதுக்கு ஒரு ரேடியன்னு பேரு. அந்த ரோடு அப்படி ஒரு தடவை அளவுக்குத்தான் திரும்புது. அதைத்தான் எழுதியிருக்கேன். வேற ஒண்ணுமில்ல சார்.”

கணேசமூர்த்தி நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே வெகுநேரம் அவளைப் பார்த்தார். “நான் நம்புறேம்மா,” என்றார். “ஆனா நான் நம்பினா பத்தாதுலா. ஒரு வெள்ளைக்காரன் பாத்து, கணக்குதான்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

கையெழுத்துப் போடவேண்டிய வெள்ளைக்கார அதிகாரி வெளியூர் போயிருந்தார். அவர் வரும்வரைக்கும், மேலே ஒரு சின்னக் கம்பிச் சன்னல் மட்டும் இருந்த அறையில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. சோறு நேரத்துக்கு வந்தது. அவளைப் பார்க்க யாராவது வந்தார்களா என்று காவலுக்கிருந்த மலாய்க்காரப் பெண்ணிடம் முதல் இரண்டு நாள் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். செபமாலை கையில் இல்லாததால் விரல்மடக்கி எண்ணிச் செபித்தாள். பத்தாம் நாள் காலையில் கணேசமூர்த்தி வந்து, “போகலாம்மா. கணக்கு சரின்னுட்டாரு. ஒரு நிமிசம்கூடப் பாக்கல,” என்றார். தாளைத் திருப்பித் தரவில்லை. அது கோப்பில் இருக்கவேண்டுமாம்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது வாசலில் பேச்சு நின்றது. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சல்காரர்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்துபோனார்கள். ராமையா மட்டும் ஆப்பீஸ் சன்னல் வழியாகச் சொன்னார், “ஒன் மேல தப்பில்லன்னு தொரை சொல்லிட்டாரு. ஆனா இந்த லண்டன் காயிதமெல்லாம் இனிமே ஆப்பீஸுக்கு வரக்கூடாது, கேட்டியா? இந்தா, வந்து கெடந்தது.” நீட்டியது ஒரு விமானத் தபால். ஈ.எம்.டபிள்யூ. அவசரமென்று நினைத்து அனுப்பியிருக்கவேண்டும். சிவப்பு மையில்லை, நீல மை. ‘உங்கள் பதினான்காம் தாள் வந்து சேரவில்லை. நீங்கள் ஒருபோதும் தவணை தப்பியதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? வளைவு ஏதும் கிடைத்ததா?’

அந்த ஒன்பது நாளும் அழாதவள், அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்றே பதில் எழுதினாள். தாள் தபாலில் தொலைந்துவிட்டது, தான் நலம் என்று எழுதினாள். கடைசிக் கேள்விக்கு வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் வளைவு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினாள். அந்த மனிதரிடம் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்தவள் முத்தாயி. ரப்பர் மரம் சீவும் உளி வழுக்கி இடது கையில் ஆழமாக வெட்டியிருந்தது. துணி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டம் வரைக்கும் நடக்க முடிந்திருக்காது. பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அருளம்மாள் வெந்நீர் கொண்டுவந்து கழுவ ஆரம்பித்தாள்.

“நாந்தான் போலீஸ்கிட்ட சொன்னேன்,” என்றாள் முத்தாயி, சுவரைப் பார்த்துக்கொண்டு. “பாத்ததைத்தான் சொன்னேன். பொய் சொல்லல.”

“தெரியும்க்கா.”

“எதுக்குத்தான் அப்பிடி மரத்துக்கு மரம் எண்ணிக்கிட்டுத் திரிஞ்ச? யாருக்கு ஆவுது அந்தக் கணக்கு?”

அருளம்மாள் பஞ்சில் ஐயோடின் தொட்டு வைத்தாள். முத்தாயி பல்லைக் கடித்தாள்.

“எனக்குத்தான்க்கா. எனக்கு வேற என்ன இருக்கு?”

முத்தாயி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கட்டுப் போட்டு முடிந்ததும் எழுந்து வாசல் வரைக்கும் போனவள் நின்று, “அந்த முடக்குல அவன் எப்பவும் ஹாரன் அடிப்பான். அன்னிக்கும் அடிச்சானாம்,” என்றாள். பிறகு போய்விட்டாள். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். வாரக் கடைசியில் பழையபடி வரிசை நின்றது. ஆனால் முன்பு இருந்த கூச்சத்தோடு இப்போது வேறொன்றும் சேர்ந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு மருந்து வாங்குகிறவர்கள் அவள் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பாடத்தை அவள் விடவில்லை. மாதம் ஒருமுறை அலோர் காஜா அஞ்சலகத்துக்கே போய்த் தாளைச் சேர்த்து, வந்ததை வாங்கிவந்தாள். அந்த வருஷக் கடைசியில், கரையோரப் பகுதிகளில் ஊரடங்கையும் அரிசிக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். பட்டணத்தில் சனங்கள் மாலையில் கடற்கரைக்குப் போகிறார்களாம் என்று பேசிக்கொண்டார்கள். டிசம்பரில் அவள் மலாக்காவுக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். அறையில் மற்ற எல்லாரும் அவளைவிடப் பத்து வயது இளையவர்கள். ஐம்பத்துநான்கில் முடிவு வந்தது. அஞ்சலகச் சன்னலுக்கு முன்பே உறையைப் பிரித்தாள். உயர்கணக்கில் நல்ல தேர்ச்சி. “தள்ளிக்குங்கம்மா, பின்னால ஆள் நிக்குது,” என்றார் சன்னலில் இருந்தவர். தள்ளி நின்று, அங்கேயே ஒரு விமானத் தபால் வாங்கி, ஈ.எம்.டபிள்யூ.வுக்கு முதல் சேதி எழுதினாள். மூன்று வாரத்தில் கல்லூரியிலிருந்து அச்சடித்த சீட்டு ஒன்று வந்தது. வாழ்த்துகள் என்றது. கீழே தட்டச்சில், தாங்கள் குறிப்பிடும் ஆசிரியர் இப்போது எங்களிடம் இல்லை என்று ஒரு வரி. இறந்துபோனாரா, ஓய்வு பெற்றாரா என்று கேட்டு எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

விளம்பரம் கொடுத்திருந்த அரசாங்க இலாகா அவளுடைய மனுவைக் காரணம் சொல்லாமல் திருப்பியது. காரணம் அவளுக்குத் தெரியும். பட்டணத்தில் லிம் என்றொரு சீனர் சொந்தமாக நில அளவை ஆப்பீஸ் வைத்திருந்தார். சான்றிதழைப் பார்த்துவிட்டு, ஏன் அரசாங்கத்துக்குப் போகவில்லை என்று கேட்டார். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாலை வளைவைக் கணக்குப் போட்டதுக்கா பிடிச்சாங்க? இங்க தினம் அதுதான் வேலை. திங்கட்கிழமை வா,” என்றார்.

தோட்டத்தை விட்டுக் கிளம்பிய அன்று வழியனுப்ப ஆளில்லை. முத்தாயி ரப்பர்ப் பால் எடுக்கும் காட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரைக்கும் வந்து, சற்றுத் தள்ளி நின்று, பஸ் வந்ததும் திரும்பிப் போனாள்.

பட்டணத்தை ஒட்டிய பாச்சாங்கில் மங்களம் என்கிற விதவை அம்மாளின் வீட்டில் பின்பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்தாள். காலையில் ஆப்பீஸ், மாலையில் அறை, ஞாயிறு பூசை. அளவுக்காரர்கள் கொண்டுவரும் நோட்டிலிருந்து சாலைகளின் வளைவுகளையும் மனைகளின் மூலைகளையும் கணக்கிட்டுத் தருவாள். அவள் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கம் இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோனது. வேலையில் அவளுக்கு மரியாதை இருந்தது. வேலை முடிந்ததும் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மங்களமும் அவளும் ஆறு வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். மழையைப் பற்றியும் வாளிக் கயிற்றைப் பற்றியும் தவிர அவர்கள் பேசியது குறைவு.

அறுபதாம் வருஷம், காட்டுச் சண்டைக்காகப் போட்டிருந்த நெருக்கடிச் சட்டம் முடிந்ததற்கு ஊரெல்லாம் கொண்டாடினார்கள். ஆப்பீஸுக்கு லீவு. மங்களத்தின் மகனும் மருமகளும் ஊர்வலம் பார்க்கப் பிள்ளைகளோடு போயிருந்தார்கள். அருளம்மாள் போகவில்லை. அறையில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கதவோரம் மங்களம் வந்து நின்றார்.

“நீங்க ஊர்வலத்துக்குப் போகலியா?”

“இல்லம்மா.”

“எனக்கும் கூட்டம் பிடிக்காது. சோத்தை வடிச்சிட்டேன். ஒத்தையா உக்காந்து சாப்பிடத் தோணல. வாங்களேன்.”

அருளம்மாள் ஒரு கணம் தயங்கி, ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். இருவரும் சமையற்கட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. மங்களம் ரசம் ஊற்றும்போது, “ஒங்க ஊரு எது?” என்று கேட்டார். அருளம்மாள் அலோர் காஜா பக்கம் என்றாள். மங்களம் அதற்குமேல் கேட்கவில்லை. அப்பளம் ஒன்று எடுத்து அவள் தட்டில் வைத்தார்.